லென்ஸை முடிவு பண்ணுங்க, பாடியை அப்புறம் பார்க்கலாம்

சித்திரை, வைகாசி, ஆடி என்று ஊருக்கு ஊர் கோயில் கொடைத் திருவிழா வரும் மாதங்களில் எங்கள் நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கேமரா ஆசை வந்துவிடும். சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போனவர்கள் ஊர் திரும்பும் நேரம். மிச்சம் பிடித்த சம்பளம் கொஞ்சம் கையில் இருக்கும். போனில் எடுத்த கொடைப் படங்கள் எல்லாம் சேறு பூசியது போல் வந்திருக்கும். அந்த ஆதங்கத்தில்தான் "எஸ்.எல்.ஆர். ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்" என்று வந்து நிற்பார்கள். லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய பெரிய கேமராவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கூடவே அடுத்த கேள்வியும் வரும்: கேனானா, நிக்கானா?

அந்தக் கேள்விக்கு நான் முதலில் பதில் சொல்வதில்லை. எதை எடுக்கப் போகிறாய், பகலிலா ராத்திரியிலா, பக்கத்தில் நின்றா தள்ளி நின்றா என்றுதான் கேட்பேன். இந்தப் பதில்கள் கிடைத்தால் எந்த லென்ஸ் வேண்டும் என்பது தெரிந்துவிடும். லென்ஸ் தெரிந்துவிட்டால் பாடியைப் பற்றிய, அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவைப் பற்றிய குழப்பத்தில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். புதிதாக வாங்கும் எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இருக்கிற பணத்தையெல்லாம் பாடியில் போட்டுவிட்டு, அதோடு பெட்டியில் வரும் 18-55 கிட் லென்ஸை (18 மில்லிமீட்டர் அகலக் காட்சிக்கு, 55 கொஞ்சம் கிட்டே இழுக்க) மட்டும் வைத்துக்கொண்டு, கொடைக்குப் போய் மறுபடியும் கலங்கிய படத்தோடு வருகிறார்கள். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஏமாற்றம்தான்.

இந்த வருடம் கேட்டவன் என் அக்கா மகன். "மாமா, முப்பதாயிரம் வச்சிருக்கேன், அதுக்கு மேல முடியாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டான். எனக்கு அது பிடித்திருந்தது. எல்லை தெரிந்தால் பேச்சு நேராகப் போகும்.

நல்ல போன் இருக்கும்போது எஸ்.எல்.ஆர். எதற்கு என்று அவன் அம்மாவே கேட்டாள். நியாயமான கேள்வி. இந்த வகைத் தொடக்கநிலை கேமராக்களில் இருப்பது ஏ.பி.எஸ்.-சி அளவு சென்சார், வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு அதுதான். கேனானில் அது 22.3 × 14.9 மில்லிமீட்டர். அரை அங்குல வகை என்று சொல்லப்படும் போன் சென்சாரோ 6.4 × 4.8 மில்லிமீட்டர்தான். பரப்பில் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். அந்தப் பரப்பில் விழும் வெளிச்சமும் அதே கணக்கில் கூடும். போன் இதை மென்பொருளால் ஈடுகட்டப் பார்க்கிறது. அசையாத பொருளுக்கு நன்றாகவே ஈடுகட்டுகிறது, ஆடும் மனிதருக்கு முடிவதில்லை. இன்னொன்று, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர். சித்திரை வெயிலில் பாளையங்கோட்டை மைதானத்தில் நின்று போன் திரையைப் பாருங்கள், உங்கள் முகம்தான் தெரியும். எஸ்.எல்.ஆரில் லென்ஸ் வழியே வந்து உள்ளே உள்ள கண்ணாடியில் பட்டுத் திரும்பும் நிஜ வெளிச்சத்தையே பார்க்கிறீர்கள், வெயில் எவ்வளவு அடித்தாலும் காட்சி மங்காது. விலை குறைந்த பாடிகளில் வியூஃபைண்டர் சட்டகத்தின் 95 சதவீதத்தைத்தான் காட்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத டியூப்லைட் படத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இனி கொடைக்கு வருவோம். எங்கள் ஊர் வெளிச்சம் கேமராவுக்கு மிகக் கடினமான பாடம் நடத்துவது அங்கேதான்.

சாமக்கொடை நள்ளிரவில். பந்தலில் டியூப்லைட், கம்பத்தில் சீரியல் செட், பூடத்துக்கு (சாமி பீடத்துக்கு) முன்னால் தீப்பந்தம், வில்லுப்பாட்டு மேடையில் ஒரு ஃபோகஸ் லைட். இத்தனைக்கும் நடுவில் கோமரத்தாடி, அதாவது சாமியாடி, சல்லடம் கட்டி ஆடுகிறார். 18-55 லென்ஸை 50 மில்லிமீட்டர் பக்கம் இழுத்தால் அதன் வாய் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறிதாகச் சிறிதாக வாய் பெரிதாகும்). அதே இடத்தில் 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸ் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கணக்கு எளிது: 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்குங்கள். கிட் லென்ஸில் ஷட்டர் 1/10 நொடி திறந்திருக்க வேண்டிய காட்சிக்கு இதில் 1/100 நொடி போதும். 1/10 நொடியில் ஆடுகிறவரின் கை புகையாகத் தெரியும். 1/100-இல் முகம் நிற்கும், கையின் வீச்சில் மட்டும் கொஞ்சம் இழுவை இருக்கும். எனக்கு அந்த இழுவை வேண்டும், ஆட்டம் ஆட்டமாகத் தெரிவது அதனால்தான்.

கிட் லென்ஸில் ஐ.எஸ். இருக்கிறதே, வி.ஆர். இருக்கிறதே, நடுக்கத்தைப் போக்குமே என்று கடைக்காரர் சொல்வார். போக்கும்தான், ஆனால் அது உங்கள் கை நடுக்கத்தை. எதிரில் ஆடுகிறவரை அது நிறுத்தாது. கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் மண்டபத்தில் தூணோடு தூணாக நிற்கும் சிற்பங்களுக்கு அந்த வசதி அருமையாக உதவும். பக்கவாட்டிலிருந்து வரும் மெல்லிய வெளிச்சத்தில், அனுமதி கேட்டுக்கொண்டு, 18 மில்லிமீட்டரில் 1/10 நொடிக்கு மூச்சைப் பிடித்து எடுத்தாலும் நரம்பு நரம்பாகக் கல் தெரியும். கல் அசையாது. கொடையில் எல்லாமே அசையும். இந்த ஒரு வேறுபாடு புரிந்துவிட்டால் பணத்தை எங்கே போடுவது என்பது தானாக விளங்கும்.

1/100 நொடியில் இன்னொரு நன்மையும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாத இது, 1/500 போன்ற வேகத்தில் எடுத்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டையாகத் தெரியும், இல்லாவிட்டால் ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது பச்சையாகவும் வரும். 1/100 அல்லது 1/50-இல் வைத்தால் ஒரு முழுச் சுற்று வெளிச்சமும் உள்ளே வந்துவிடும். கொடைக்கு நான் சொல்லிக்கொடுக்கும் தொடக்கம்: ஷட்டர் 1/100, அப்பர்ச்சர் (லென்ஸின் வாய்) 1.8 அல்லது 2, ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு) 1600-இல் ஆரம்பித்து 3200 வரை. புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியும், தெரியட்டும். முகம் கிடைத்திருக்கிறதே. ஃபிளாஷ் அடித்தால் இரைச்சல் இருக்காது, கொடையும் இருக்காது. தீப்பந்தத்தின் சிவப்பு, மஞ்சள் பூசிய உடம்பு, கறுத்த பனைமரம் எல்லாம் வெளுத்த சுவராகிவிடும். இதையும் சொல்லிவைக்கிறேன்: சாமி வேட்டைக்குக் கிளம்பும்போது ஊரே வழிவிட்டு ஒதுங்கும். அப்போது கேமராவைப் பைக்குள் வைத்துவிட வேண்டும்.

மருமகனுக்கு வேண்டியது கொடைதான். ஆகவே லென்ஸ் 50 எஃப்/1.8 என்று முடிவாகிவிட்டது. ஏ.பி.எஸ்.-சி பாடியில் 50 மில்லிமீட்டர், பழைய ஃபிலிம் கேமராக் கணக்கில், கேனானில் 80 போலவும், நிக்கானில் 75 போலவும் பார்வையைக் குறுக்கும். மார்பளவுக்கு முகம் எடுக்கத் தோதான அளவு. வீட்டுக்குள் குழந்தைகளை எடுக்கத்தான் கேமரா என்பவர்களுக்கு அது கொஞ்சம் நெருக்கம். அவர்களுக்கு நிக்கானின் 35 எஃப்/1.8 ஜி டி.எக்ஸ். எனக்கு மிகவும் பிடித்த சிபாரிசு.

வேறு ஆசை உள்ளவர்களுக்கு வேறு லென்ஸ். ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளுக்குப் போகிறவருக்கு 18-55 கிட் லென்ஸே போதும், வேறு எதையும் வாங்க வேண்டாம். வீதி குறுகல், தேர் உயரம், பின்னால் நகர இடம் கிடையாது, 18-தான் கைகொடுக்கும். பகல் வெளிச்சத்தில் எஃப்/8 வைத்து, தெரிந்தவர் வீட்டு மாடி கிடைத்தால் அங்கே நின்றுகொள்ளுங்கள். வடம் பிடிக்கிறவர்களின் கால்களை எடுக்க ஆசைப்பட்டுக் கூட்டத்துக்குள் இறங்குகிறவர்கள் கேமரா வாரைக் கழுத்தில் மாட்டாமல் குறுக்காகப் போட்டுக்கொள்ளுங்கள்.

பறவைக்காரர்கள் தனி இனம். நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம் நமக்குக் கிடைத்த வரம். 2022-இல் அது ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலங்கள் பட்டியலில் இருப்பதாக அறிவிப்பு வந்தபோது இந்தப் பக்கத்துக்கே பெருமையாக இருந்தது. ஆனால் அந்தப் பட்டியலுக்கு வெகுகாலம் முன்பே, பறவை மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருந்த ஊர் அது. கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் குளத்தில் மட்டுமல்லாமல் ஊருக்குள் வீட்டோரத்து மரங்களிலும் கூடு கட்டும். இதனால் கேமராக்காரனுக்குக் கிடைக்கும் லாபம் பெரியது. மற்ற இடங்களில் 600 மில்லிமீட்டர் பீரங்கி கேட்கும் படத்தை இங்கே தெருவில் நின்று 55-250 லென்ஸில் எடுத்துவிடலாம். கேனானில் 250 என்பது 400 மில்லிமீட்டர் பார்வைக்குச் சமம். குஞ்சின் வாய்க்குள் தாய் மீனைக் கக்குவதைக்கூடப் பிடிக்கலாம். குளத்து நடுவில் நிற்கும் பூநாரைக்கும், மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துக்கும் அது பற்றாது. அவற்றைத் தண்ணீரும் வானமுமாகச் சேர்த்து அகலக் காட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். பறக்கும் பறவைக்கு 1/1000 நொடிக்குக் குறையக் கூடாது. கைதட்டிக் கிளப்பிவிட்டுப் படமெடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. தாய் எழுந்து போன கூட்டில் வெயிலும் காக்கையும் புகுந்துவிடும்.

ஜனவரியில் தாமிரபரணிப் படுகைக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். மணிமுத்தாற்றில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்தார் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு அதைச் செய்கிறார்கள். பறவை எடுக்கக் கற்றுக்கொள்ள ஆசைப்படும் பிள்ளைகள் அதில் சேர்ந்து ஒரு முறையாவது குளக்கரையில் நடக்க வேண்டும். பறவை எங்கே உட்காரும், எப்போது எழும்பும் என்பது தெரிந்தவனுக்குச் சின்ன லென்ஸே நீளும்.

சரி, பாடி. கேனானும் நிக்கானும் தங்கள் முழுக் கவனத்தையும் மிரர்லெஸ், அதாவது உள்ளே அந்தக் கண்ணாடி இல்லாத கேமரா பக்கம் திருப்பிவிட்டார்கள். எஸ்.எல்.ஆரில் புது மாடல்கள் வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. இது நமக்குக் கெட்ட செய்தி அல்ல. நல்ல நிலையில் உள்ள பாடிகளையும் லென்ஸ்களையும் பலர் விற்கிறார்கள், பத்து வருடத்துக்கு முன் ஆசைப்பட்டும் எட்டாமல் இருந்தவை இன்று எட்டுகின்றன. நாளை மிரர்லெஸ்ஸுக்கு மாறினாலும் கேனானின் இ.எஃப். எஸ்.எல்.ஆர். லென்ஸ்கள் அடாப்டர் போட்டால் அதன் ஆர் வகை மிரர்லெஸ் பாடிகளில் வேலை செய்யும். மறுதிசையில் நடக்காது: ஆர்.எஃப். என்றோ இசட் என்றோ எழுதியிருக்கும் மிரர்லெஸ் லென்ஸ் எஸ்.எல்.ஆரில் மாட்டவே மாட்டாது. விலை குறைவாக இருக்கிறதே என்று இணையத்தில் பார்த்து ஆர்டர் போட்டுவிடாதீர்கள்.

கேனானில் 2018-இல் வந்த 1500டி, 3000டி இரண்டும் பெட்டியில் பார்க்க ஒன்று போல இருக்கும். 3000டி வேண்டாம் என்பது என் கருத்து. லென்ஸ் மாட்டும் வளையமே அதில் பிளாஸ்டிக், திரை 2.7 அங்குலம், கண்ணாடி போடுகிறவர்கள் வியூஃபைண்டரைத் தங்கள் பார்வைக்குத் தகத் திருத்திக்கொள்ளும் சின்னச் சக்கரம்கூட இல்லை. லென்ஸை அடிக்கடி மாற்றப் போகிறவனுக்கு உலோக வளையம் வேண்டும். 1500டி அப்படியல்ல, 24 மெகாபிக்சல், உலோக வளையம், போனுக்குப் படம் அனுப்ப வைஃபை, எல்லாம் உண்டு. பழைய 1300டி 18 மெகாபிக்சல்தான், அதிலும் வைஃபை இருக்கிறது, நல்ல நிலையில் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். 18 மெகாபிக்சல் படம் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் ஏறக்குறைய 17 × 11 அங்குல பிரிண்டுக்குப் போதும். நடுவீட்டில் மாட்டும் படம் அதைவிடப் பெரிதாக இருக்கப் போவதில்லை.

வீடியோவும் வேண்டும், யூடியூபில் வில்லுப்பாட்டை ஏற்ற வேண்டும் என்றால் பேச்சே வேறு. 1500டி-யில் வெளி மைக் சொருகும் துளை கிடையாது. 2017-இல் வந்த 200டி அல்லது 2019-இன் 200டி இரண்டாம் பதிப்பைப் பழையதாகத் தேடுங்கள். திரையைத் திருப்பலாம், மைக் சொருகலாம், வீடியோவில் ஃபோகஸ் தானாக முகத்தைத் தொடரும். இரண்டாம் பதிப்பில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் நடுமுள் இல்லை. ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருக்கும் மலிவான வெளி ஃபிளாஷ்கள் அதில் அடிக்காது. மற்ற புது கேனான் பாடிகளை வாங்கும்போதும் அந்த இடத்தைக் குனிந்து ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

நிக்கானில் டி3300, டி3400, டி3500 மூன்றும் 24 மெகாபிக்சல், மூன்றும் இருட்டில் நன்றாக எடுக்கும். டி3500 ஒரு முழு சார்ஜில் 1,550 படம் என்று நிக்கான் கணக்குச் சொல்கிறது, 1500டி-க்கு அது 500. ராத்திரி முழுக்க நடக்கும் கொடைக்கு இது பெரிய விஷயம். பின்னே ஏன் எல்லோருக்கும் நிக்கானையே சொல்லவில்லை? லென்ஸ்தான் காரணம். டி3000, டி5000 வரிசைப் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. 50 எஃப்/1.8 டி என்ற பழைய, மலிவான லென்ஸை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் திருப்ப வேண்டும். நள்ளிரவில் ஆடுகிறவரை அப்படிப் பிடிப்பது புதியவருக்கு ஆகாத காரியம். ஏ.எஃப்.-எஸ் என்று எழுதிய 'ஜி' லென்ஸ்தான் வேண்டும், அது விலை கூட. ஏ.எஃப்.-பி என்று இன்னொரு வகை, அது டி3200 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது. கேனானில் 1987-இலிருந்து வரும் இ.எஃப். லென்ஸ்கள் எல்லாவற்றுக்குள்ளும் மோட்டார் உண்டு. 2015-இல் வந்த 50 எஃப்/1.8 எஸ்.டி.எம். மலிவு, உலோக வளையம், ஃபோகஸ் சத்தமும் குறைவு. குறைந்த பணத்தில் கொடை எடுக்க நினைக்கிறவருக்கு ஒட்டுமொத்தச் செலவு கேனானில்தான் குறைகிறது. 35 போதும் என்பவர்களுக்கு நிக்கான்.

பழையது வாங்க மருமகனோடு நானும் போனேன். எங்கே போனாலும் நான் பார்ப்பது இவைதான். லென்ஸின் பின்பக்கத்திலிருந்து போன் டார்ச்சை அடித்து முன்பக்கம் பார்த்தால் ஃபங்கஸ் இருந்தால் ஒட்டடை போல் கிளைகிளையாகத் தெரியும். தூசி இரண்டு மூன்று இருந்தால் பரவாயில்லை, ஃபங்கஸ் என்றால் எழுந்துவிட வேண்டும். எஃப்/16 வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தால் சென்சாரில் உள்ள அழுக்கு கரும்புள்ளியாகக் காட்டும். ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்பதை நிக்கான் ஒவ்வொரு படக் கோப்பிலும் எழுதிவைக்கும், கடைசியாக எடுத்த படத்தை வாங்கிப் பார்த்தால் போதும். கேனானின் இந்த மாடல்களில் அப்படி எழுதுவதில்லை, அதனால் பிடியில் உள்ள ரப்பர் தேய்ந்திருக்கிறதா, பட்டனில் எழுத்து அழிந்திருக்கிறதா என்று கண்ணால்தான் மதிப்பிட வேண்டும். கல்யாண ஸ்டுடியோவிலிருந்து வரும் பாடி ஒரே முகூர்த்த மாதத்தில் வீட்டுக் கேமரா வருடக்கணக்கில் அடிப்பதை அடித்திருக்கும். வீட்டில் ஆசைக்கு வாங்கி அலமாரியில் தூங்கியதுதான் நமக்கு வேண்டும். ஆனால் அப்படித் தூங்கியதில்தான் ஃபங்கஸும் பிடிக்கும், டார்ச்சை மறக்காதீர்கள். பில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பில் இல்லாத கேமரா யாருடையது என்று நமக்குத் தெரியாது.

முப்பதில் பாடிக்கும் கிட் லென்ஸுக்கும் இருபதுக்கு மேல் போகக்கூடாது என்று கோடு போட்டிருந்தோம். வண்ணாரப்பேட்டையில் பார்த்த முதல் பாடிக்கு விலை படியவில்லை. கடைசியில் ஒரு வீட்டில் 1300டி கிடைத்தது. வாங்கினவர் பிள்ளை பிறந்தபோது வாங்கி, பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் நிறுத்திவிட்டாராம். "நல்லா வச்சுக்கோ தம்பி" என்று பையோடு கொடுத்தார். மிச்சப் பணத்தில் 50 எஃப்/1.8 புதிதாக, கூடுதலாக ஒரு பேட்டரி, ஒரு நல்ல கம்பெனி மெமரி கார்டு. மிரர்லெஸ் வைத்திருக்கும் அவன் நண்பன் "இவ்வளவு பழசா?" என்று கேட்டானாம். ஊர்க் கொடை முடிந்து கோமரத்தாடியின் முகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் "என்ன லென்ஸ்லே இது?" என்று அதே நண்பன் கேட்டிருக்கிறான்.

வாங்கியதைக் காப்பாற்றுவது பற்றியும் சொல்ல வேண்டும், நம் ஊர்க் காற்று அப்படி. ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாயும் ஆரல்வாய்மொழிக் கணவாயும் வழியே வரும் காற்று பணகுடி, வள்ளியூர், கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அதே காற்று செம்மண்ணையும் கிளப்புகிறது. வெட்டவெளியில் லென்ஸைக் கழற்றினால் தூசி நேராகச் சென்சாருக்குப் போகும். பஸ்ஸுக்குள்ளோ வீட்டுக்குள்ளோ போய், பாடியின் வாயைக் கீழே கவிழ்த்துப் பிடித்து மாற்றுங்கள். குற்றாலத்தில் சாரல் காலத்தில் அருவிக்குப் பக்கத்தில் போகும்போது இந்த விலைப் பாடிகளுக்குத் தண்ணீர்த் தடுப்பு எதுவும் இல்லை என்பது நினைவில் இருக்கட்டும். பிளாஸ்டிக் பையில் லென்ஸ் முனைக்கு மட்டும் ஓட்டை போட்டு ரப்பர் பேண்ட் கட்டினால் ஒப்பேற்றிவிடலாம். திரும்பி வந்ததும் ஈரத் துணியோடு ஒரே பையில் வைக்காதீர்கள், ஃபங்கஸ் தொடங்குவது அங்கேதான். காற்றுப் புகாத டப்பா ஒன்றில் நீல நிற சிலிக்கா ஜெல்லோடு வைத்தால் போதும். ஜெல் ரோஸ் நிறமாக மாறினால் ஈரத்தைக் குடித்துவிட்டது என்று அர்த்தம். வாணலியில் சிறு தீயில் நீலம் திரும்பும் வரை சூடாக்கி, ஆறிய பிறகு மறுபடியும் போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

போன வாரம் மருமகன் பெங்களூரிலிருந்து கூப்பிட்டான். "மாமா, தை மாசம் லீவு கிடைக்கும். கூந்தன்குளத்துக்கு 50 பத்தாதுல்லா?"

பத்தாதுதான். பழைய 55-250 எஸ்.டி.எம். ஒன்று பார்த்துவைக்கச் சொல்லியிருக்கிறான். தேடிக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது ஃபங்கஸ் இல்லாமல் இருந்தால் சொல்லுங்கள்.